கோடையில் நீர், குளிரில் மேடு: ராட்சத கார்ட்டர் பாம்புக்கு வாழிடம் அமைக்க ஒரு முழு வழிகாட்டி

கலிஃபோர்னியாவின் சென்ட்ரல் வேலி என்ற நீண்ட பள்ளத்தாக்கில், நெல் வயல்களுக்கு நடுவே போகும் மண் வாய்க்கால் ஒன்றின் ஓரமாக ஜூன் மாதக் காலையில் நடந்து பாருங்கள். கோரைக்குள் ‘தொப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். திரும்புவதற்குள் நீரில் வளையங்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். ராட்சத கார்ட்டர் பாம்பு பெரும்பாலும் இப்படித்தான் மனிதருக்கு அறிமுகமாகிறது. மகா கூச்ச சுபாவம் உள்ள உயிர். கார்ட்டர் பாம்புகளிலேயே மிகப் பெரியது இதுதான், ஐந்தடிக்கும் மேலே, 162 சென்டிமீட்டர் வரை வளரும். அறிவியல் பெயர் தாம்னோஃபிஸ் கிகாஸ். நம் நீர்க்கோலிக்கு தூரத்து உறவு. உலகத்திலேயே இந்த ஒரு பள்ளத்தாக்கில் மட்டும்தான் இருக்கிறது.

இந்தப் பாம்புக்கு நல்லது செய்ய நினைப்பவர்கள் முதலில் செய்யும் தவறு ஒன்று உண்டு. ‘தண்ணீர்ப் பாம்புதானே, ஒரு குளம் வெட்டிவிட்டால் போதும்’ என்று நினைத்துவிடுகிறார்கள். போதாது. இந்தப் பாம்பு வருடத்தில் கிட்டத்தட்ட பாதியைத் தண்ணீருக்குள் கழிப்பதே இல்லை. கோடையில் அதற்குத் தண்ணீர் வேண்டும், குளிர்காலத்தில் வெள்ளம் ஏறாத மேடு வேண்டும், இரண்டுக்கும் நடுவே ஒளிந்து ஒளிந்து போக ஒரு கரை வேண்டும். மூன்றும் ஒரே இடத்தில், சரியான மாதத்தில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண்.

அங்கே நிலம் வைத்திருப்பவர்கள், வாய்க்கால் பராமரிப்பவர்கள், ஈரநில மீட்புப் பணியில் இருப்பவர்கள், இதைப் படிக்கும் மாணவர்கள் எல்லோருக்கும் பயன்படும்படி படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: உங்கள் இடம் பாம்பின் எல்லைக்குள் வருகிறதா?

ஒரு காலத்தில் இந்தப் பாம்பு வடக்கே பியூட் மாவட்டத்திலிருந்து தெற்கே பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு அருகே உள்ள பியூனா விஸ்டா ஏரி வரை வாழ்ந்தது. சியரா நெவாடா மலையின் பனி உருகி வந்து தேங்கிய சதுப்புகள்தான் அதன் வீடு. அந்தச் சதுப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வடிக்கப்பட்டு வயலாகவும் ஊராகவும் மாறிவிட்டது. டூலாரி, பியூனா விஸ்டா, கெர்ன் ஏரிப் படுகைகள் வறண்டபோது, பாம்பின் பரப்பில் தெற்கு மூன்றில் ஒரு பங்கு அப்படியே போய்விட்டது. டூலாரி என்ற பெயரே டூலி என்ற கோரையிலிருந்து வந்ததுதான். கோரையின் பெயர் தாங்கிய ஏரியில் கோரையும் இல்லை, அதை நம்பிய பாம்பும் இல்லை என்பது என்னை மிகவும் வருத்தும் விஷயம்.

கலிஃபோர்னியா மாநிலம் 1971-லேயே இதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. 1993 அக்டோபரில் கூட்டாட்சி அரசு ‘அச்சுறுத்தலுக்கு உள்ளானது’ என்று அறிவித்தது. 2017-ல் வந்த மீட்புத் திட்டம் பாம்பின் பரப்பை ஒன்பது வடிநிலங்களாகப் பிரிக்கிறது: பியூட், கொலூசா, சட்டர், அமெரிக்கன், யோலோ, கொசும்னஸ்-மொக்கலம்னி, டெல்டா, சான் வாக்கீன், டூலாரி. உங்கள் நிலம் இவற்றில் எதில் வருகிறது என்று முதலில் பாருங்கள். சென்ட்ரல் வேலியின் வடபாதியான சாக்ரமென்டோ பள்ளத்தாக்கில் நெல் பரந்திருக்கும் வடிநிலங்களில் பாம்பு இன்னும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. தெற்கே சான் வாக்கீன் பக்கம் நிலைமை மிக மோசம். அங்கே மிஞ்சியிருப்பவை சிறு கூட்டங்கள்தான்.

எல்லைக்குள் இருந்தாலும் எல்லா நீர்நிலையும் ஆகாது. பெரிய ஆறுகளில் இது வாழ்வதில்லை. அடியில் மணல், சரளை, பாறை உள்ள இடங்களும் வேண்டாம். மரங்கள் அடர்ந்து நிழல் விழும் ஆற்றோரமும் ஒத்துவராது, வெயில் காய இடம் கிடைக்காது. சேற்று அடி, மெதுவாக நகரும் அல்லது தேங்கி நிற்கும் நீர், திறந்த வானம். இந்த மூன்றையும் கண்டால் மேற்கொண்டு படியுங்கள்.

படி 2: வரைபடத்துக்கு முன் நாட்காட்டி

நில அளவைப் படத்தை விரிப்பதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் பன்னிரண்டு மாதங்களை எழுதுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கு எதிரிலும் பாம்பு எங்கே இருக்கும், உங்கள் இடத்தில் தண்ணீர் எங்கே இருக்கும் என்று குறியுங்கள். இந்த ஒரு பயிற்சியே பாதிப் பிரச்சினைகளைக் காட்டிவிடும்.

பாம்பின் ஆண்டு ஏறக்குறைய இப்படி: மார்ச், ஏப்ரலில் வளையிலிருந்து வெளியே வரும், இணை சேரும். மே தொடங்கி செப்டம்பர் வரை நீரும் கரையுமாகச் சுறுசுறுப்பாகத் திரியும். ஜூலை இறுதியிலிருந்து செப்டம்பர் தொடக்கத்துக்குள் குட்டி ஈனும். இது முட்டையிடும் பாம்பு அல்ல, உயிரோடு குட்டி போடுவது. ஓர் ஈற்றில் 10 முதல் 46 வரை, சராசரியாக 23 குட்டிகள். அக்டோபரில் மேட்டு நிலத்து வளைகளுக்குத் திரும்பும். வசந்தம் வரை மண்ணுக்குள் ஏறக்குறைய அசையாமல் கிடக்கும்.

இந்த வரிசையில் அவசரம் எங்கே என்று பாருங்கள். குட்டிகள் பிறப்பது கோடை முடியும் நேரத்தில். பிறந்ததும் அடர்ந்த புதருக்குள் சிதறி, வயிற்றில் மிஞ்சிய மஞ்சள் கருவை உடம்பில் இழுத்துக்கொண்டு, அப்புறம்தான் இரை தேடத் தொடங்கும். ஒரு குட்டியின் எடை மூன்றிலிருந்து ஐந்து கிராம். குளிருக்குள் போகுமுன் அவற்றுக்குச் சில வாரங்களே கிடைக்கின்றன. அந்த வாரங்களில் வாய்க்கால் வறண்டு கிடந்தால் அந்த ஆண்டுக் குட்டிகளுக்குச் சாப்பாடு இல்லை.

படி 3: தண்ணீர், ஆனால் எந்த மாதத் தண்ணீர்?

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

கலிஃபோர்னியாவில் மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை காய்ந்து கிடக்கும். பழைய காலத்தில் பனி உருகிய நீர் கோடை வரை சதுப்பில் தங்கியது. அதனால்தான் இந்தப் பாம்பு கோடையில் நீரில் வேட்டையாடப் பழகியது. இன்று அந்தப் பள்ளத்தாக்கில் ஈரநிலம் என்று காக்கப்படும் பல இடங்கள் வாத்துகளுக்காகப் பராமரிக்கப்படுபவை. வலசை வரும் வாத்துகளுக்கு இலையுதிர்காலத்திலும் குளிரிலும் நீர் நிரப்புவார்கள். வசந்தத்தில் வடித்துவிடுவார்கள். விதை தரும் செடிகள் வளர நிலம் காய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. வாத்துக்கு அது சரி. பாம்புக்கு அது தலைகீழ். அது மண்ணுக்குள் தூங்கும்போது வெளியே வெள்ளம், கண் விழித்து வரும்போது வெளியே வெடித்த தரை.

சாக்ரமென்டோ பள்ளத்தாக்கில் பாம்புகளைப் பிடித்து, குறியிட்டு, மீண்டும் பிடித்து எண்ணியவர்கள் கண்டதும் இதையே சொல்கிறது. ஆண்டு முழுதும் நீர் நிற்கும் இயற்கைச் சதுப்பில் பாம்புகள் மிக நெருக்கமாக இருந்தன. நெல் பகுதியில் அதைவிடக் குறைவு. வாத்துகளுக்காகப் பருவத்துக்கு மட்டும் நீர் நிரப்பும் சதுப்பில் எல்லாவற்றையும் விடக் குறைவு. ஈரநிலம் என்று பலகை நட்டுவிட்டால் பாம்பு வந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். இயன்றால் ஆண்டு முழுதும் நீர் நிற்கும்படி ஒரு பகுதியையாவது ஒதுக்குங்கள். முடியாவிட்டால் குறைந்தது மார்ச் முதல் அக்டோபர் வரை நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிலம் முழுவதையும் இப்படி வைக்க வேண்டும் என்றில்லை. வாத்துக்கான குட்டைகளுக்கு நடுவே ஓடும் வாய்க்காலிலும் ஆழமான ஒரு பள்ளத்திலும் கோடை முழுவதும் நீர் நின்றாலும் பெரிய வித்தியாசம் தெரியும்.

நீர் உரிமையைக் கையெழுத்துப் போடுமுன் பாருங்கள். வறட்சி ஆண்டில் உங்களுக்கு நீர் உறுதியா, இல்லை முதலில் வெட்டப்படுவது உங்கள் பங்கா? நல்ல மழை ஆண்டில் அழகாக இருந்து, வறட்சி ஆண்டில் ஜூலையில் காய்ந்துபோகும் சதுப்பு பாம்பை உள்ளே இழுத்து மாட்டிவிடும். அப்படி ஒரு சதுப்பைவிட, சிறியதாக இருந்தாலும் நீர் உறுதியான சதுப்பு மேல் என்பது என் கருத்து.

நீரின் தரத்தையும் விடாதீர்கள். சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் மேற்குப் பக்கத்து வயல்களிலிருந்து வடியும் நீரில் செலினியம் கலந்திருக்கும். 1983-ல் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் பறவைக் குஞ்சுகள் ஊனத்தோடு பிறந்தது அதனால்தான். அந்தப் பக்கத்து வடிகால் நீரைச் சதுப்புக்குப் பயன்படுத்த நினைத்தால் சோதிக்காமல் திறக்காதீர்கள்.

படி 4: கோரையும் சம்பும்

நீருக்குள் வேரூன்றி மேலே தலை நீட்டும் செடிகள்தான் இந்தப் பாம்புக்குக் கூரை. டூலி என்ற உயரக் கோரை, அடுத்து சம்பு. இரண்டும் இல்லாத வெறும் நீர்ப்பரப்பில் பாம்பு நாரையின் கண்ணுக்குத் தப்ப முடியாது. கோரைத் தண்டுகள் மடிந்து சேர்ந்த மெத்தைமேல் அது வெயில் காயும். ஆபத்து வந்தால் அங்கிருந்தே நீருக்குள் விழுந்துவிடும். தொடக்கத்தில் சொன்ன அந்த ‘தொப்’ இதுதான்.

ஆனால் கோரை நீர்ப்பரப்பு முழுவதையும் மூடிவிடவும் கூடாது. இடையிடையே திறந்த நீர் வேண்டும், மீனும் தலைப்பிரட்டையும் அங்கேதான் நீந்தும். கோரையும் நீரும் நேர்க்கோட்டில் பிரியாமல் வளைந்து நெளிந்து சந்திக்கும்படி வையுங்கள். அப்போது அதே பரப்பில் பாம்புக்கு அதிக ஓரம் கிடைக்கும். லுட்விஜியா என்ற அயல் நீர்க்கொடி கண்ணில் பட்டால் அசட்டையாக விடாதீர்கள். கம்பளம் போலப் பரவி திறந்த நீரை விழுங்கிவிடும்.

படி 5: கரை

கரையைப் பாம்பின் கண்ணால் பார்க்கப் பழகுங்கள். நீரோரத்தில் செடி, அதைத் தாண்டிப் புல், புல்லுக்கு நடுவே காலை வெயில் விழும் சிறு வெட்டவெளிகள், இரண்டடி தள்ளி ஒரு வளையின் வாய். இவ்வளவுதான் அதற்கு வேண்டும். ஒரு மொட்டைக் கரையிலும், கான்கிரீட் பூசிய வாய்க்காலிலும் இவற்றில் எதுவுமே இல்லை.

ஓடையோ குளமோ புதிதாக வெட்டினால் கரையைச் செங்குத்தாக விடாமல் சாய்வாக விடுங்கள். ஒரே சீராக அல்ல, சில இடத்தில் மெல்லிய சாய்வு, சில இடத்தில் சற்று ஏற்றம். புல்லை வேருக்கு ஒட்ட வெட்டாதீர்கள். களைக்கொல்லி அடித்துக் கரையைச் ‘சுத்தமாக’ வைப்பதைப் பெருமையாகக் கருதுபவர்கள் உண்டு. அந்தச் சுத்தம் பாம்புக்குப் பாலைவனம்.

படி 6: குளிர்கால மேடு

எனக்குத் தெரிந்து அதிகம் மறக்கப்படுவது இதுதான். நீரை அளக்கிறார்கள், கோரையை எண்ணுகிறார்கள், மேட்டை மறந்துவிடுகிறார்கள்.

பாம்பு தானே வளை தோண்டாது. அணிலும் எலி இனங்களும் தோண்டிய வளை, கிரேஃபிஷ் என்ற நன்னீர் ஓட்டுயிர் துளைத்த துவாரம், களிமண் வெடிப்பு ஆகியவைதான் அதற்கு வீடு. கோடையிலும் கடும் வெயிலிலிருந்து தப்ப இவற்றுக்குள் போகும். அப்படிப் போகும்போது சதுப்பிலிருந்து ஏறக்குறைய 164 அடி வரை தள்ளிப்போனது பதிவாகியிருக்கிறது. குளிர்கால உறக்கத்துக்கு அதைவிட வெகுதூரம், 820 அடி வரை போனது உண்டு. எல்லாப் பாம்பும் அவ்வளவு தூரம் போகும் என்று பொருளில்லை. ஆனால் நீரின் ஓரத்திலிருந்து 200 அடி என்பதை அரசு வழிகாட்டுதல்கள் பாம்பின் வாழிடமாகவே கணக்கில் எடுக்கின்றன. உங்கள் திட்டத்திலும் அது குறைந்தபட்சமாக இருக்கட்டும்.

மேடு என்றால் எவ்வளவு மேடு? குளிர்கால வெள்ளம் எந்த மட்டம் வரை ஏறும் என்று முதலில் கண்டுபிடியுங்கள். அந்தப் பகுதியில் நெடுநாள் இருப்பவர்களைக் கேளுங்கள், வெள்ள மட்டப் பதிவுகளைப் பாருங்கள். வளைகள் அந்த மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். யோலோ வடிநிலத்தில் வெள்ளத்தைத் திருப்பிவிடும் பெரிய புறவழிப்பாதை இருக்கிறது. மழை மிகுந்த ஆண்டில் அது கடல் போலக் கிடக்கும். அந்த மாதிரி இடத்தில் கோடைச் சதுப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், பக்கத்தில் வெள்ளம் ஏறாத கரை இல்லையென்றால் உறங்கும் பாம்பு தண்ணீருக்குள் மாட்டிக்கொள்ளும்.

மேட்டில் என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். உழ வேண்டாம். கனரக வண்டி ஓட்டி வளைகளை நசுக்க வேண்டாம். எலி மருந்தும் வளைப் புகையும் வேண்டாம். இங்கே ஒரு நியாயமான சிக்கல் இருக்கிறது: வெள்ளத் தடுப்புக் கரைகளில் அணில் வளை தோண்டினால் கரை உடையலாம், அதனால் கரைப் பொறுப்பாளர்கள் வளைகளை அடைக்கிறார்கள். ஊரைக் காக்கும் கரையில் அதைத் தவிர்க்கச் சொல்ல முடியாது. அதற்குப் பதில், வெள்ளத் தடுப்புக்குத் தொடர்பில்லாத தனி மேடுகளைச் சதுப்பின் பக்கத்தில் மண் குவித்து அமைத்து, புல் வளரவிட்டு, அணில்களுக்கு விட்டுவிடுங்கள். வளை தோண்டும் வேலையை அவை பார்த்துக்கொள்ளும்.

நிரந்தரமாக அழியும் வாழிடத்துக்கு ஈடாகப் புதிது அமைக்கும்போது அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குச் சேவையின் பழைய வழிமுறை ஒரு விகிதம் சொல்கிறது: ஒரு ஏக்கர் நீர்ப்பகுதிக்கு இரண்டு ஏக்கர் மேட்டு நிலம். நீரைவிட மேடு இரு மடங்கு! முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

படி 7: இரையும் எதிரியும்

சிறு மீன், தவளை, தலைப்பிரட்டை. எல்லாம் நீரில் பிடிப்பவை. பழைய காலத்தில் இது தின்ற திக்டெயில் சப் என்ற மீன் இனமே அழிந்துவிட்டது. செங்கால் தவளை அந்தப் பள்ளத்தாக்குத் தரையில் இல்லாமல் போய்விட்டது. இன்று பாம்பு, மனிதர் வெளியிலிருந்து கொண்டுவந்த கெண்டைக் குஞ்சையும், கொசு ஒழிப்புக்கு விடும் கம்பூசியா மீனையும், புல்ஃபிராக் என்ற பெருந்தவளையின் தலைப்பிரட்டையையும் தின்று பிழைக்கிறது. கூடவே அங்கேயே பிறந்த சிறு மரத்தவளையும் உண்டு.

புல்ஃபிராக் விஷயம் கொஞ்சம் கொடுமையானது. அதன் தலைப்பிரட்டை பாம்புக்கு இரை, வளர்ந்த புல்ஃபிராக்குக்கோ பாம்புக் குட்டி இரை. பாஸ் மீனும் கெளுத்தியும் அப்படித்தான், குட்டிகளை விழுங்கிவிடும். ஆழமான, ஒருபோதும் வற்றாத பெரிய நீர்நிலைகளில் இந்தப் பெரிய மீன்கள் தங்கிவிடும். நீர் வற்றாமல் இருக்க வேண்டும் என்று மூன்றாம் படியில் சொன்னதற்கு இது முரண்போலத் தெரியலாம். தீர்வு இதுதான்: ஆழம் குறைவாக, கோரை நிறைய வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மீன் நுழைய முடியாத ஆழம் குறைந்த ஓரங்கள் குட்டிகளுக்குப் புகலிடம். தூண்டில் போடுவதற்காக யாரும் பாஸ் மீனைச் சதுப்பில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபருக்குப் பிறகு ஒரு சில குட்டைகளை மட்டும் மாற்றி மாற்றி வடித்தால் பெரிய மீன்களைக் குறைக்கலாம், பாம்பு அப்போது நீரில் இருக்காது.

நாரை, கொக்கு, ரக்கூன், நீர்நாய், பருந்து எல்லாம் தின்னத்தான் செய்யும். அது இயற்கை. கோரை அடர்த்தியாக இருந்தால் போதும். வேறொரு புது ஆபத்தும் இருக்கிறது: கிழக்கு அமெரிக்காவின் நெரோடியா நீர்ப்பாம்புகள் வளர்ப்பிலிருந்து தப்பியோ விடப்பட்டோ சாக்ரமென்டோ அருகே ரோஸ்வில், ஃபோல்சம் பகுதிகளில் குடியேறிவிட்டன. அதே இரை, அதே இடம். வளர்ப்புப் பாம்பை வெளியே விடுவது இரக்கம் அல்ல.

படி 8: நெல்லும் வாய்க்காலும்

நெல் விளையும் ஊரில் பிறந்த நமக்கு இந்தப் பகுதி சட்டென்று புரியும். சதுப்பு போன பிறகு பாம்பு எங்கே போனது? நெல்லுக்குப் போனது. சாக்ரமென்டோ பள்ளத்தாக்கில் நல்ல ஆண்டில் ஏறக்குறைய 5 லட்சம் ஏக்கரில் நெல் போடுகிறார்கள். ஏப்ரல் இறுதி, மே மாதத்தில் வயலில் நீர் கட்டி, ஊறவைத்த விதையை விமானத்திலிருந்து தூவுவார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் நீரை வடித்து, பிறகு அறுப்பார்கள். கோடையில் நீர் நிற்கும் வயல்! பழைய சதுப்பின் நாட்காட்டிக்கு வாத்துக் குட்டையைவிட இது நெருக்கம்.

ஆனால் வயல்தான் பாம்பின் வீடு என்று நினைக்காதீர்கள். வீடு வாய்க்கால். பயிர் நீருக்கு மேலே எழுந்து மறைவு தரும் ஜூன் நடு வரை வயலில் பாம்புக்கு ஒளிய இடமில்லை, அதுவரை பாசன வாய்க்காலிலும் வடிகாலிலும் இருக்கும். பயிர் உயர்ந்த பிறகும் வாய்க்காலை விட்டு அதிகம் நகர்வதில்லை. வயல் செய்யும் பெரிய உதவி வேறு: அது வாய்க்காலுக்கு நீரையும், மீனையும், தவளையையும் ஊட்டுகிறது. வயல் வடியும்போது இரை எல்லாம் வடிகாலில் வந்து குவியும், பாம்புகளுக்கு விருந்து. குட்டி ஈன்று மெலிந்த தாய்க்கும், புதிதாகப் பிறந்த குட்டிக்கும் அது சரியான நேரத்தில் கிடைக்கும் சாப்பாடு.

நெல் விவசாயி என்ன செய்யலாம்?

வாய்க்கால் தூர்வாருவதுதான் பெரிய விஷயம். ஒரே ஆண்டில் இரு கரையையும் வழிக்காதீர்கள். இந்த ஆண்டு ஒரு பக்கம், அடுத்த முறை மறுபக்கம். அடியில் படிந்த வண்டலை அள்ளுங்கள், நீர்மட்டத்துக்கு மேலே கரையைச் சுரண்டாதீர்கள், வளைகள் அங்கேதான் இருக்கின்றன. அள்ளிய சேற்றை வளைகள் மேல் கொட்டாதீர்கள். வடிகால் நீரை அறுவடையோடு ஒரேயடியாக நிறுத்தாமல், அக்டோபர் வரை கொஞ்சமாவது நிற்கவிடுங்கள். வண்டிப் பாதைகளில் வெயில் காயும் பாம்பைக் கண்டு மெதுவாக ஓட்டுங்கள்.

தரிசு போடும் ஆண்டுகளில்தான் இன்னும் கவனம் வேண்டும். 2022 வறட்சியில் கலிஃபோர்னியாவின் நெல் பரப்பு ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. வயல் காய்ந்தால் அதை ஒட்டிய வாய்க்காலும் காய்கிறது. நீரை வேறு ஊருக்கு விற்பவர்கள் பாம்பு இருப்பது தெரிந்த வாய்க்கால்களில் மட்டுமாவது நீரை நிறுத்திவைப்பது, ஒரே மூலையில் தரிசைக் குவிக்காமல் பரவலாகப் போடுவது, ஒரே வயலை ஆண்டுக்கு ஆண்டு தரிசாக்காமல் மாற்றுவது, இவை செய்யக்கூடியவைதான்.

நெல்லைச் சேர்த்தே பாதுகாப்புத் திட்டம் போட்ட இடமும் உண்டு. சாக்ரமென்டோ நகருக்கு வடக்கே நாட்டோமாஸ் வடிநிலத்தில் வீடுகள் கட்டுவதற்கு ஈடாக, கட்டப்படும் ஒவ்வொரு ஏக்கருக்கும் அரை ஏக்கர் பாதுகாப்பு நிலமாகிறது. அந்த நிலத்தில் பாதி நெல், கால்பங்கு பராமரிக்கப்படும் சதுப்பு, கால்பங்கு மேடு என்பது திட்டம். நெல்லை மட்டும் நம்பாமல் சதுப்பையும் மேட்டையும் கட்டாயமாக்கியது எனக்குச் சரியாகப் படுகிறது. நெல் விலை சரிந்தால் நெல் போகும், சதுப்பு நிற்கும்.

படி 9: வழி

ஒரு நல்ல சதுப்பு, அதிலிருந்து பத்து மைல் தள்ளி இன்னொரு நல்ல சதுப்பு, நடுவே நெடுஞ்சாலையும் பழத்தோட்டமும். இரண்டு கூட்டமும் தனித்தனியாகத் தேய்ந்துகொண்டே போகும். பாம்பு வாய்க்கால் வழியாகவே பயணிக்கிறது. அதனால் கோரையும் நீரும் உள்ள வாய்க்கால் ஒன்று இரண்டையும் இணைத்தாலே போதும். சாலைக்கு அடியில் போகும் மதகுக் குழாயின் இரு வாயிலும் செடி இருக்கிறதா, கோடையில் நீர் இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் மூடியிருந்தால் பாம்பு சாலையில் ஏறும். நெல்லைப் பிடுங்கிவிட்டு பாதாம், வால்நட் தோட்டம் போடும் இடங்களில் இந்தத் தொடர்பு சத்தமில்லாமல் அறுகிறது.

படி 10: மண்ணைத் தொடும்போது

சதுப்பை மீட்கும் வேலையே பாம்பைக் கொன்றுவிடக் கூடாது. மண் தோண்டும் வேலையை மே 1 முதல் அக்டோபர் 1 வரை மட்டும் வையுங்கள். அப்போது பாம்பு விழித்திருக்கும், தானே விலகிப் போகும். குளிரில் தோண்டினால் தூங்கும் பாம்பு மண் அள்ளும் இயந்திரத்தின் வாளிக்குள் வரும். நீரை வடித்துத் தோண்டுவதானால், ஏப்ரல் 15-க்குப் பிறகு தொடர்ந்து 15 நாளாவது அந்த இடம் காய்ந்து கிடக்க வேண்டும், அதற்குள் பாம்பு வேறு இடம் தேடிவிடும். செடியைக் கையால் அகற்றுவது நல்லது. வேலை தொடங்குவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் தகுதியுள்ளவர் ஒருவர் இடத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் வேலை நின்றால் மறுபடியும் பார்க்க வேண்டும். வளாகத்துக்குள் வண்டி மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக் கூடாது.

மண் அரிப்பைத் தடுக்கக் கரையில் விரிக்கும் பிளாஸ்டிக் நைலான் வலையைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். பாம்பு பாதி உடலை நுழைத்து மாட்டிக்கொண்டு வெயிலில் செத்துப்போகும். அதற்குப் பதில் பரிந்துரைக்கப்படுவது தென்னை நார் விரிப்பு.

பாம்பு கண்ணில் பட்டால் வேலையை நிறுத்துங்கள், அது தானாகப் போகும் வரை காத்திருங்கள். பிடிக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட உயிரைத் தொடுவதற்கும் இடம் மாற்றுவதற்கும் உரிமம் வேண்டும். திட்டம் பாம்பின் வாழிடத்தைத் தொடுகிறதென்றால், மேலே சொன்ன வழிமுறைகளை மட்டும் நம்பி இறங்காமல், கூட்டாட்சி வனவிலங்குச் சேவையையும் மாநில மீன் மற்றும் வனவிலங்குத் துறையையும் முதலிலேயே அணுகுங்கள்.

படி 11: வந்ததா என்று எப்படித் தெரியும்?

அவசரப்படாதீர்கள். பெண் பாம்பு முதிர்ச்சி அடையச் சராசரியாக 5 ஆண்டு, ஆணுக்கு 3 ஆண்டு. இன்று வெட்டிய சதுப்பில் நாளை மறுநாள் பாம்பைத் தேடுவதில் அர்த்தமில்லை. உரிமம் உள்ள ஆய்வாளர்கள் மிதக்கும் மீன்பொறிகளைக் கோரை ஓரமாக வரிசையாகக் கட்டி, தினமும் பார்த்து, பிடிபட்டதைக் குறியிட்டு விடுவார்கள். அப்படியும் பல பாம்புகள் பொறியில் விழாது. ஒரு கோடையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ‘பாம்பு இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள்.

பாம்புக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளில் நீங்களே அளக்கக்கூடியவை இருக்கின்றன. மாதம் ஒரு முறை ஒரே இடத்தில் நீர்மட்டம். கோரை எவ்வளவு, திறந்த நீர் எவ்வளவு என்று ஒரே கோணத்தில் ஒரு படம். மே மாதத்தில் தலைப்பிரட்டை தெரிகிறதா, ஆகஸ்டில் சிறு மீன் தெரிகிறதா. குளிர்கால வெள்ளம் மேட்டில் எதுவரை ஏறியது என்று ஒரு குச்சி நட்டு அடையாளம். மேட்டில் எத்தனை வளைகளின் வாய் திறந்திருக்கிறது, எத்தனை அடைந்திருக்கிறது. இந்தக் குறிப்புகளை இரண்டாம் படியில் வரைந்த நாட்காட்டிக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். ஜூலை, ஆகஸ்ட் கட்டங்களில் நீர்மட்டம் கீழே இறங்கியிருந்தால் முதலில் மதகைத் திருத்துங்கள். ஜனவரிக் கட்டத்தில் குச்சி முழுகியிருந்தால் அடுத்த கோடையில் மேட்டை உயர்த்துங்கள். அப்புறம் ஜூன் மாதக் காலைகளில் கரையோரமாக மெதுவாக நடந்து, காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.